முதல் பெட்டியில் நாலு நிமிடம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால், நீங்களே கண்டுபிடித்த பெருமை உங்களுக்குப் போய்விடும். அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

பதினோரு வருஷமாக, ரயில் எஞ்சின்கள் கிளம்பும் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தப் பதிவுகளில் மனிதக் குரல் மருந்துக்கும் கிடையாது. இருந்தது. நான்தான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மீனுக்குச் செதில் சீவுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சீவி எறிந்தேன். எறிந்ததில் முக்கால்வாசி ஒரே ஆளின் குரல். என் சிநேகிதர், பட்டுத் தறி நெய்கிறவர். ரெண்டு மாசத்துக்கு முன்னால், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

எனக்குத் தொழில் ஜெராக்ஸ் கடை. ஊரில் உள்ளவர்களின் ஆதாருக்கும் பட்டாவுக்கும் நாள் முழுக்க நகல் எடுத்துக் கொடுப்பவன். ‘எதுக்கும் ரெண்டு காப்பி எடுத்து வெச்சிக்கோங்க’ என்று வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவன். இதற்கு மேல் நான் என்னைக் கேலி செய்ய வேண்டியதில்லை, விஷயமே செய்துவிட்டது.

போன மாசம் அவர் மனைவி கடைக்கு வந்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் போகும்வரை ஓரமாக நின்றார். நகல் எடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன். கையில் காகிதம் எதுவும் இல்லை.

“அண்ணா, அவரு குரலு உங்ககிட்ட இருக்குதா?”

எனக்குப் புரியவில்லை. “எந்தக் குரல்மா?”

“பேசுனதுதாண்ணா. ரயிலு ரயிலா ஏறி ரிக்கார்டு பண்ணுவீங்களே. அதுல எங்கியாவது பேசியிருப்பாரு இல்ல? இன்னாவா இருந்தாலும் பரவால்ல. யாரையாவது திட்டுனதா இருந்தாலும் சரி.”

அவரே விளக்கினார். கல்யாண வீடியோவில் ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார்கள், வாய் அசைகிறது, பாட்டுத்தான் கேட்கிறது. சிநேகிதர் வைத்திருந்தது பட்டன் போன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தெரியாது, தெரிந்தாலும் அனுப்பியிருக்க மாட்டார். எதிராளி குறுக்கே பேசாத பேச்சில் அவருக்கு ருசி கிடையாது.

“முகம் போட்டோல இருக்குது. குரலுதாண்ணா மறந்துக்கினே போவுது. நேத்து தறியில குந்திக்கினு யோசிச்சி யோசிச்சி பாக்கறேன், அவரு சொன்ன வார்த்தை வருது, குரலு வரல. இப்ப நெய்ய வர்றவரு நல்ல மனுஷன். ஆனா வாயே தொறக்க மாட்டாரு.”

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “தேடிப் பாத்துச் சொல்றேம்மா” என்றேன். பொய் சொல்வதற்குக்கூட ஒரு தைரியம் வேண்டும், நான் தவணைதான் கேட்டேன்.

எங்கள் கோஷ்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் நாலு பேர். நான், அவர், வாலாஜாபாத்தில் இருக்கிற ஓய்வு பெற்ற பேங்க் சார், மாகறலிலிருந்து பஸ் பிடித்து வரும் பள்ளிக்கூட டீச்சர். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஞ்சின் இழுக்கிற ரயிலாகப் பார்த்து ஏறி, எங்கேயும் வேலை இல்லாமல் போய், வேலை இல்லாமல் திரும்புவோம். எங்கள் ஊர் வழியாக அதிகம் போவது மின்சார யூனிட் வண்டி. பெட்டிக்குள்ளேயே மோட்டார் ஒளிந்திருக்கும். அதை நாங்கள் ரயில் என்று ஒப்புக்கொள்வதில்லை, அரக்கோணம் போவதற்கான ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்வோம். அங்கே போனால்தான் எங்களுக்கு ரயில்.

எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில்தான் ஏறுவோம். எஞ்சினை ஒட்டி லக்கேஜ் பெட்டியை மாட்டியிருந்தால் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், பந்தியில் பாயசம் தீர்ந்துபோன முகம். ஏறியதும் ஜன்னல் ஓரமாகப் போன்களை வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஊதியதும் பதிவு ஆரம்பம். முதலில் எஞ்சினுக்குள் சுற்றும் காற்றாடி இரைச்சல், அப்புறம் அடித்தொண்டை உறுமல், அது படிப்படியாக ஏறி ஒரு நிலைக்கு வர நாலு நிமிடம் ஆகும். அந்த நாலு நிமிடம் யாரும் பேசக்கூடாது. இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இருக்கிற ஒரே சட்டம் அதுதான்.

அந்தச் சட்டத்துக்கு விரோதி ஒரே ஆள். உண்மையில் அவருக்கு எஞ்சின் அவ்வளவு முக்கியமில்லை, பெட்டி நிறைய ஆள் இருந்தால் போதும். உறுமல் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில், “இதுக்குச் சளி புடிச்சிருக்குதுபா” என்பார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிடும். பேங்க் சார் முறைப்பார். நான் உதட்டில் விரலை வைப்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கியவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். பதிவை நிறுத்த என் கட்டைவிரல் போனை நோக்கிப் போகும்போதே, முந்திக்கொண்டு கேட்பார்: “பேசலாமா?”

ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் அந்த ‘பேசலாமா’ இருந்தது. ஒவ்வொன்றிலும் அதை வெட்டினேன்.

இன்னொன்றும் செய்வார். சகபயணிகள் சத்தம் போட்டால் எங்கள் பதிவு கெட்டுவிடும் இல்லையா? எங்களுக்குத் தெரியாமல் அவர்களிடம் போய்க் குனிந்து, “இவங்க மூணு பேரையும் வேலூருக்குக் கூட்டிக்கினு போறேன், வைத்தியத்துக்கு. சத்தம் கேட்டா ஒரு மாதிரி ஆயிடுவாங்க. கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டு வருவார். பெட்டியே கப்சிப் ஆகிவிடும். எல்லோரும் ஏன் எங்களை அப்படிப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள் என்று ரெண்டு வருஷம் எனக்குத் தெரியாது. ஒரு அம்மா இறங்கும்போது என் நெற்றியில் திருநீறு பூசிவிட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருக்குப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவர் வீட்டுக்குப் போனால் தெரியும். தறியில் அவர் நடுவில் உட்கார்ந்து சேலையின் உடலை நெய்வார். வேறு நிறப் பார்டருக்கு, குறுக்கு நூலை ஓட்டும் நாடா இன்னொன்று வேண்டும். அதை அவர் வலது பக்கம் உட்கார்ந்து அவர் மனைவி ஓட்டுவார். பதினெட்டு வருஷமாக ஒரே பலகையில் ரெண்டு பேரும். அவர் சொல்லும் கதை ஓடிக்கொண்டே இருக்கும். மனைவி கதையில் லயித்துக் கை நின்றுவிட்டால், அதற்காகக் கதையை நிறுத்த மாட்டார். தறி மரத்தில் விரலால் ‘டக் டக்’ என்று ரெண்டு தட்டு. நாடா ஓடும். கதையும் ஓடும். நான் எதிரில் மோர் டம்ளரோடு உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

அவர் மனைவி வந்துபோன அன்று கடையைச் சாயங்காலமே சாத்திவிட்டு, பதிவுகள் அத்தனையையும் கேட்டேன். ஒரே ஒரு பதிவில், நான் வெட்டியது கொஞ்சம் பிசகி, கடைசியில் ஒரு ‘பே’ மட்டும் மிச்சமிருந்தது. ‘சலாமா’ போய்விட்டது. பதினோரு வருஷச் சிநேகத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு எழுத்து. நானும் ஹெட்ஃபோனோடு பே என்றுதான் விழித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு எழுத்தும் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரிதான் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு பெண்ணிடம் ‘இதுதான் உன் புருஷன்’ என்று கொடுக்க முடியுமா?

மற்ற ரெண்டு பேரிடம் இருக்கலாம் என்பதுதான் பாக்கி நம்பிக்கை. போனில் கேட்டிருக்கலாம். ‘இல்லை’ என்ற பதிலை ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டால் வலி கொஞ்சம் குறையும் என்று பட்டது. “ஞாயித்துக்கிழமை ஜோலார்பேட்டை வரைக்கும் போய்ட்டு வரலாம். பழைய பதிவெல்லாம் எடுத்துக்கினு வாங்க” என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று ரெண்டு பேரும் கேட்கவில்லை. அவர் போன பிறகு நாங்கள் சேர்ந்து போகும் முதல் பயணம் அது.

காலை யூனிட் வண்டியில் பேங்க் சார் வாலாஜாபாத்திலிருந்தே ஏறி வந்திருந்தார். பக்கத்தில் பையை வைத்து மூன்று பேருக்கு இடம் பிடித்திருந்தார். நாங்கள் போய் நின்றதும் பையைத் தூக்கினார். மூன்று இடத்தில் நானும் டீச்சரும் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு இடம் காலியாகவே அரக்கோணம் வரை வந்தது. பழக்கதோஷத்தில் பிடித்துவிட்டார். நான் ஏதாவது ஜோக் அடித்திருக்க வேண்டிய இடம். திருமால்பூர் தாண்டும்வரை யோசித்தேன், எதுவும் வரவில்லை.

அரக்கோணத்தில் எங்கள் எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சார், பழசு! பழசு!” இப்போதெல்லாம் புது ரக எஞ்சின்தான் எல்லா வண்டிக்கும் வருகிறது. பழைய ரகத்தை ஒவ்வொன்றாக உடைக்க அனுப்புகிறார்கள். வந்தது பழசு, பெயிண்ட் உதிர்ந்து, முகத்தில் துரு வழிந்து. லக்கேஜ் பெட்டியும் நடுவில் இல்லை. இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கிடையாது. பேங்க் சார் நோட்டில் எஞ்சின் எண்ணை எழுதினார். எழுதிவிட்டு, “சளி பிடிச்சிருக்கு” என்றார். மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

முதல் பெட்டியில் சிநேகிதர் வழக்கமாக உட்காரும் ஜன்னல் ஓர இடம் காலியாக இருந்தது. நாங்கள் யாரும் அதில் உட்காரவில்லை. பூக்கூடையோடு ஒரு அம்மா வந்து, “ஆளு வர்றாங்களா?” என்று கேட்டார்.

டீச்சர்தான் பதில் சொன்னார். “இல்லம்மா. உக்காருங்க.”

போன்களை ஜன்னலோரம் வைத்தோம். அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். “இன்னாபா, போன வெளிய காட்டிக்கினு குந்தியிருக்கீங்க?”

எனக்குள் இருக்கிற கோமாளி ரெண்டு மாசத்துக்குப் பிறகு எழுந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒண்ணுமில்லம்மா, இவங்க மூணு பேரையும் வேலூருக்கு... வைத்தியத்துக்கு...” என்று ஆரம்பித்தேன்.

அவர் எங்களை எண்ணிப் பார்த்தார். “மூணு பேருதான் இருக்கீங்க. கூட்டிக்கினு போறது யாரு?”

அந்த ஜோக்கைச் சொல்ல நாலாவது ஆள் வேண்டும் என்பது பதினோரு வருஷத்தில் எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா என்ன நினைத்தாரோ, கூடையிலிருந்து ஒரு முழம் மல்லியைக் கிள்ளி டீச்சர் கையில் வைத்துவிட்டு, அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் நிஜமாகவே வைத்தியத்துக்குத்தான் போகிறோம் என்று நம்பிவிட்டார் போலிருக்கிறது.

எஞ்சின் ஊதியது. காற்றாடி இரைச்சல். உறுமல். இருமல் இல்லை, சிரிப்பு இல்லை, பெட்டியில் பிள்ளை அழுகைகூட இல்லை. இத்தனை வருஷம் ஆசைப்பட்ட சுத்தமான பதிவு.

நாலு நிமிடம் ஆனது. ஐந்தும் ஆனது. பதிவை நிறுத்த யாருடைய விரலும் போகவில்லை. எதற்குக் காத்திருக்கிறோம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பேங்க் சாரைப் பார்த்தேன், அவர் காலி இடத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பூக்கார அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ‘பேசலாமா’ என்று கேட்டால்தானே நாங்கள் நிறுத்துவோம்? சித்தேரி தாண்டியும் மூன்று போன்களும் ஓடிக்கொண்டே இருந்தன.

சோளிங்கர் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவி வந்ததை, குரல் மறந்துபோகிறது என்றதை, நான் தவணை வாங்கியதை.

டீச்சர் உடனே, “நான் அவர் பேசினதை எல்லாம் டிலீட் பண்ணிட்டேன் சார்” என்றார். “உங்க பதிவு சுத்தமா இருக்கேன்னு உங்களைப் பாத்துத்தான் பண்ணேன்.” ஆக, நான் தனியாக முட்டாளாக இருக்கவில்லை, பாடமும் நடத்தியிருக்கிறேன்.

பேங்க் சார் நோட்டைத் திறந்து காட்டினார். தேதி, வண்டி, எஞ்சின் எண், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பக்கம் பக்கமாக, அழகான கையெழுத்தில்: ‘பேச்சு நீக்கப்பட்டது.’ ‘பேச்சு நீக்கப்பட்டது.’ ‘பேச்சு நீக்கப்பட்டது.’

“ஒரு தடவைகூட விடலை,” என்றார். “முப்பத்தாறு வருஷ சர்வீஸ் பாருங்க. விட்டுப்போகக் கூடாதுன்னே பழகிட்டேன்.”

காட்பாடி வந்தது, ஆம்பூர் வந்தது. வழக்கமாக இறங்கி வடை வாங்குவது சிநேகிதர்தான். நாங்கள் யாரும் இறங்கவில்லை.

ஜோலார்பேட்டையில் திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்தது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து காலையில் எடுத்த பதிவை டீச்சர் போட்டுக் கேட்டார். கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

“சார், இன்னிக்கு ஷட்டர் சத்தமே இல்ல.”

ஷட்டர் சத்தம் எங்களுக்குப் பழைய தலைவலி. எங்கள் எல்லாப் பதிவிலும் எங்காவது ஜன்னல் ஷட்டர் ஆடுகிற மாதிரி ‘டக் டக்’ என்று வரும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் ‘டக் டக்’. அதை நீக்க நான் செய்யாத வித்தை இல்லை. அதை எடுத்தால் எஞ்சின் உறுமலும் கூடவே போய்விடும் என்பதால் விட்டிருந்தேன். இந்தியாவில் எல்லா ஷட்டரையும் ஒரே ஆள்தான் தப்பாக மாட்டுகிறான் என்றுகூட ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பழைய பதிவுகளைப் போட்டோம். மழைக்காலத்தில் எடுத்தது, வெயிலில் எடுத்தது, வேறு வண்டி, வேறு பெட்டி. எல்லாவற்றிலும் அதே ‘டக் டக்’. ரெண்டே தட்டு. மூன்று கிடையாது, ஒன்று கிடையாது. சிநேகிதர் எப்போதும் ஜன்னல் ஓரம்தான். வாயை நாங்கள் மூடிவிட்டதால் அவர் விரல் ஜன்னல் சட்டத்தில் பேசியிருக்கிறது.

“குரல் கேட்டாங்க,” என்றார் பேங்க் சார். “விரலைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போறோமா?”

திரும்பும் வண்டிக்குப் புது எஞ்சின். யாரும் பதிவு செய்யவில்லை.

மறுநாள் மதியம் சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். கூலிக்கு நெய்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் மனைவி தறியில், தன் இடத்தில், வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். நடு இடம் காலி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவரை, “உக்காரும்மா” என்றேன். அவர் கண் என் கைப்போனுக்குத்தான் போனது.

“கெடச்சிதாண்ணா?”

கடையிலிருந்து வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததில் ஒரு வார்த்தை நினைவில்லை. போனைத் தறி மரத்தின்மேல் வைத்து, பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டேன். எஞ்சின் ஊதியது. காற்றாடி இரைச்சல் வீட்டை நிறைத்தது. அவர் முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேடினார். நெற்றி சுருங்கியது. உறுமல் ஏறியது. குரல் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த ஒன்றரை நிமிடத்தை என் பாவக்கணக்கில் நானே எழுதிக்கொள்கிறேன்.

டக் டக்.

அவருடைய வலது கை தானாக எழுந்தது. பலகையில் கிடந்த நாடாவை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையைப் பார்த்தார். நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். நாடாவைக் கீழே வைக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மோர் டம்ளரோடு பலமுறை எதிரில் உட்கார்ந்து பார்த்த அதே தட்டு. பேச்சை நாங்கள் பிடுங்கிக்கொண்ட அந்த நாலு நிமிடமும் அந்த மனுஷன் மனசுக்குள் கதை சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். யாருக்குச் சொன்னார் என்பதை விரல் காட்டிக்கொடுத்திருக்கிறது.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “குரல் இல்லம்மா. இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன். எல்லாத்தையும் வெட்டிட்டேன், என்னை—”

போனில் எஞ்சின் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த தட்டுக்காக நாடாவோடு காத்திருந்தவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“பேசாதீங்கண்ணா.”